இரண்டு பெயிண்டிங் கொட்டேஷனும் கிட்டத்தட்ட ஒரே விலையாக இருக்கலாம்

800 சதுர அடி ஃபிளாட்டுக்கு ஒருவர் சதுர அடிக்கு 65 ரூபாய், இன்னொருவர் 18 ரூபாய் என்கிறார், முதலாமவர் ஏமாற்றுகிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். 65 சொன்னவர் தரையின் அளவை வைத்துச் சொல்லியிருப்பார்: 52,000. மற்றவர் சுவரையும் சீலிங்கையும் அளந்து கணக்குப் போடுவார். அது பொதுவாகத் தரையளவைப் போல மூன்று, மூன்றரை மடங்கு வரும். 2,800 சதுர அடி என்று வைத்தாலும் 50,400 ரூபாய். அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்த அளவு என்பதை இருவரிடமும் எழுதி வாங்குங்கள். கதவு, ஜன்னலைக் கழிப்பார்களா என்றும் கேளுங்கள். எங்கள் வீட்டில் மேஸ்திரி கழிக்கவே இல்லை, டேப் பிடித்துப் பார்த்த பிறகுதான் இறங்கி வந்தார்.

அப்புறம், பட்டி (சுவரைச் சமமாக்கப் பூசும் மாவு) எத்தனை கோட், பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) உண்டா, எமல்ஷன் (மேலே அடிக்கும் பெயிண்ட்) எந்த ரகம் என்று கொட்டேஷனில் பெயரோடு இருக்கட்டும். விலை குறைவதே பெரும்பாலும் ஒரு கோட் பட்டியை விழுங்குவதில்தான். 18 ரூபாய் கூலி மட்டும்தானா, பெயிண்டும் சேர்த்தா? ஜிஎஸ்டி தனியா? இதற்குப் பதில் வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.