ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் அளவு) 9 என்று வந்திருக்கிறது, குறைக்க என்ன சாப்பிடலாம்?

எதையும் சாப்பிட வேண்டாம். எய்தவன் இருக்க அம்பை நொந்துகொண்டு மூன்று மாதத்தை வீணாக்கியவன் எழுதுகிறேன்.

எனக்கு 14 வந்தது. காய்ச்சல் இல்லை, லேசான அசதி மட்டும். அழற்சியைக் குறைக்கும் என்று விற்கும் மாத்திரைகளை நானாகவே வாங்கி விழுங்கினேன். மூன்று மாதம் கழித்து வேறொரு லேபில் பார்த்தால் 1.3! வீட்டில் எல்லோரிடமும் தாளை நீட்டிப் பெருமையடித்தேன். மருத்துவர் அதை வாங்கி, எண்ணுக்குப் பக்கத்திலிருந்த பொடி எழுத்தின் மேல் பேனாவை வைத்தார். முதல் தாளில் லிட்டருக்கு மில்லிகிராம், இதில் டெசிலிட்டருக்கு. பத்தால் பெருக்கினால் 13. மெலிந்திருந்தது என் பணப்பை மட்டும்தான்.

மூட்டு, வயிறு, சிறுநீர் என்று வரிசையாக விசாரித்தவர், "எந்தப் பக்கம் மெல்லுகிறீர்கள்?" என்றார். வலப்பக்கம் மட்டும். இடது கடைவாய்ப் பல் எப்போதோ வலித்து, தானாக அடங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் அதன் வேர் நுனியில் கருவட்டமாக ஒரு நிழல், உள்ளே சீழ். வேர் சிகிச்சை முடிந்து ஆறு வாரத்தில் 4.

சி.ஆர்.பி. கல்லீரல் செய்யும் புரதம். எங்காவது அழற்சி என்று இன்டர்லூக்கின்-6 என்னும் தூதுப் புரதம் சேதி சொன்னால் சில மணி நேரத்தில் உற்பத்தி எகிறும். தூண்டுதல் நின்றுவிட்டால் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகும். வாரக்கணக்கில் இறங்காமல் நிற்கிறது என்றால் உள்ளே ஏதோ தொடர்கிறது. அந்த மிச்ச 4-க்குக் காரணம் என் தொப்பை. கொழுப்புத் திசுவும் இன்டர்லூக்கின்-6 சுரக்கும். ஆறு கிலோ குறைத்த பிறகு 2. (மாத்திரையை விட நடை கடினம், ஒப்புக்கொள்கிறேன்.)

உங்களுக்கு அண்மையில் சளி, காய்ச்சல் வந்திருந்தால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பாருங்கள். காலையில் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ காத்திருக்காதீர்கள். யார் சொன்னாலும் ஸ்டீராய்டை நீங்களாக எடுக்காதீர்கள். எண் இறங்கும், நோய் ஒளிந்துகொள்ளும்.

ஒன்று கேட்க வேண்டும்: உங்கள் 9 எந்த அலகில்? டெசிலிட்டருக்கு என்றால் அது 90. அப்படியானால் இன்றே மருத்துவரிடம் போங்கள்.