அட்டைப் படத்தின் மேல் தலைப்பு எடுபடவில்லையா?

வணக்கம். அகமதாபாத் ஐஐஎம் கட்டடத்தின் முழுத் தோற்றத்தை அட்டை முழுக்கப் பரப்பியிருக்கிறேன், மேலே வைத்த வெள்ளைத் தலைப்பு எடுபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எழுத்துரு மேல் தவறில்லை. செங்கல் வரிசைகளின் கோடுகள் எழுத்தோடு மல்லுக்கட்டுகின்றன. தலைப்பில் உள்ள ‘ஒளிப்படம்’ என்பதில் கடைசி எழுத்தின் புள்ளி செங்கல் இடுக்கில் காணாமலே போய்விட்டது, பாருங்கள். அதற்காகக் கறுப்புப் பட்டை வைத்தால் படம்தான் கெடும்.

கட்டடக் கலைஞர் லூயி கான் அந்தச் சுவர்களில் வைத்த பெரிய வட்டத் திறப்புகளில் ஒன்றை மட்டும் நெருக்கமாக வெட்டி எடுங்கள். விளிம்பில் வெயில் பட்ட செங்கல், உள்ளே ஆழ்ந்த நிழல். அந்த நிழல்தான் தலைப்புக்கு இடம். எனக்கு அந்தக் கட்டடம் என்றாலே அந்த வட்டங்கள்தான் நினைவுக்கு வரும்.

அப்புறம், வெட்டும் முன் செங்குத்துக் கோடுகளை நிமிர்த்திவிடுங்கள். கேமராவை அண்ணாந்து பிடித்ததால் சுவர் பின்னால் சாய்கிறது. அட்டையின் நேர் விளிம்புக்குப் பக்கத்தில் அது உறுத்தும். அச்சான பின் ஓரம் வெட்டுவதற்காக, படத்தை ஓரங்களில் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். திரையில் தகதகக்கும் செங்கல் சிவப்பு, அச்சுக்கான நான்கு மை நிறமுறையான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றியதும் கொஞ்சம் மங்கும். அச்சகத்தில் ஒரு புரூஃப் (மாதிரி அச்சு) வாங்கி, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு சரி சொல்லுங்கள்.