ஃபூஸ்பால் பந்து வழுக்குகிறதா? கேள்வி பதில்

ஃபூஸ்பால் என்பது கம்பிகளில் கோத்த பொம்மைகளைச் சுழற்றிப் பந்தை உதைக்கும் மேசைக் கால்பந்து. அந்த மேசைகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. ஆபீஸ், ஹாஸ்டல், கிளப் என்று பல இடங்களிலிருந்து வந்த கேள்விகளில் பந்து பற்றியவற்றுக்கு மட்டும் இப்போது பதில்.

கே: அண்ணா, எங்கள் ஹாஸ்டல் பந்து கறுத்துப்போய் வழுக்குகிறது. பொம்மையின் காலடியில் நிறுத்தவே முடியவில்லை. புதுசு வாங்கிவிடலாமா?

ப: பொறு தம்பி. தேய்மானம் என்று நினைப்பது பெரும்பாலும் அழுக்குதான். வெளிச்சத்தில் திருப்பிப் பார். கறுப்பின் மேல் மினுமினுப்பு தெரிந்தால், கம்பி எண்ணெயும் கை வியர்வையும் தூசியும் படிந்த பூச்சு அது. நகத்தால் சுரண்டினால் நகக்கண்ணில் கறுப்பாக ஏறும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய். ஈரம் போனதும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்துவிடு. கொதிநீர் மட்டும் வேண்டாம், பிளாஸ்டிக் இளகி வடிவம் கெடும். பந்தில் படம் அச்சிட்டிருந்தால் ஆல்கஹாலை ஒரு ஓரத்தில் தொட்டுப் பார்த்துக்கொள்.

கே: நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டால் சீக்கிரம் போகுமே சார்?

ப: அழுக்கோடு பந்தும் போகலாம். அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். பல பிளாஸ்டிக்குகளை அது கரைத்துப் பிசுபிசுப்பாக்கிவிடும். தின்னரும் அதே ரகம்.

கே: கழுவிய மூன்றாம் நாளே மறுபடி கறுக்கிறது. ஏன்?

ப: கம்பிக்கு என்ன போடுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்! தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எல்லாம் தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அது ஆடுகளத்தில் சொட்டி, பொம்மைக் காலில் ஒட்டி, கடைசியில் பந்துக்கு வந்து சேரும். பந்தை மட்டும் கழுவிப் பயனில்லை. சுத்தமான சிலிகான் எண்ணெய் கம்பிக்கு ஒரு சொட்டு போதும். கம்பியை நாலு தடவை முன்னும் பின்னும் இழுத்துவிட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். பொம்மைகளின் கால் நுனியையும் ஆடுகளத்தையும் அதே நாளில் துடையுங்கள். சாயங்காலம் பஜ்ஜி தின்ற கையோடு பந்தை எடுக்காதீர்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது, தெரியும். பக்கத்தில் ஒரு டிஷ்யூ டப்பா வையுங்கள்.

கே: சுத்தம் செய்தும் வழுவழுவென்றே இருக்கிறது. பழைய பிடிப்பு திரும்புமா?

ப: வாங்கியபோது சொரசொரப்பாக இருந்த பந்தென்றால் ஓரளவு திரும்பும். ஹார்டுவேர் கடையில் 400 நம்பர் உப்புத்தாள் வாங்குங்கள். உள்ளங்கையில் அதைக் குழியாக மடித்து, நனைத்த பந்தை அதற்குள் வைத்து எல்லாப் பக்கமும் உருட்டுங்கள். ஒரே இடத்தில் தேய்த்தால் அங்கே தட்டையாகிவிடும். பளபளப்பு மங்கியதும் நிறுத்திவிட்டுக் கழுவுங்கள். ஒவ்வொரு தடவையும் பந்து கொஞ்சம் சிறுக்கும் என்பதால் இதை வாராந்தரச் சடங்காக்க வேண்டாம். பிறவியிலேயே வழுவழுப்பான பந்துகளும் உண்டு, அவற்றை விட்டுவிடுங்கள்.

கே: கேரம் பவுடர் தூவினால் பிடிப்பு வருமா?

ப: அது காய் வழுக்கிப் போவதற்கென்றே இருக்கும் பவுடர் அய்யா! கம்பி பேரிங்குக்குள்ளும் புகுந்து அரைக்கும்.

கே: அண்ணன் பாரிஸிலிருந்து கார்க் பந்து கொண்டுவந்தார். அதையும் ஊறவைக்கலாமா?

ப: வேண்டாம் தங்கச்சி. பிரான்ஸில் கார்க் பந்துக்கு மவுசு அதிகம். சத்தம் குறைவு, காலடியில் நன்றாக நிற்கும். ஆனால் நனைந்து உலர்ந்தால் வடிவம் மாறலாம். உலர்ந்த பிரஷால் தூசியைத் தட்டுங்கள். கறை இருந்தால் பிழிந்த துணியால் ஒரு துடை, பிறகு நிழலில் காயட்டும். மேற்பரப்பு பிசிறடித்தால் மெல்லிய உப்புத்தாள் போதும். துண்டே பெயர்ந்துவிட்டால் பசை வைத்து நிரப்பாதீர்கள். அந்த இடம் கனத்து, பந்து கோணலாக ஓடும்.

கே: எப்போதுதான் தூக்கிப் போடுவது?

ப: மட்டமான கண்ணாடிப் பலகையில் மெதுவாக உருட்டுங்கள். தள்ளாடினாலோ எப்போதும் ஒரே பக்கம் படுத்து நின்றாலோ உருண்டை போய்விட்டது. அதை எந்த வைத்தியமும் மீட்காது. விரிசல் விட்டதும் அப்படியே. வெள்ளைப் பந்து மஞ்சளாகிவிட்டது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அது வெறும் நிறம்தான், ஆடுங்கள்.