டர்பனில் செக்ஸ் தெரபிஸ்ட் என்று யாரிடம் போவது? போனால் என்ன செய்வார்கள்?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருப்பது கொஞ்சம்தான்: கல்யாணமாகி 14 மாதம், இன்னும் உறவு நடக்கவில்லை, முயன்றால் வலி உயிர் போகிறது, கணவர் டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர், மாமியார் ‘விசேஷம் ஒன்றும் இல்லையா’ என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். மீதியை ஊகித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நீங்கள் ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவர், மனம்விட்டுப் பேச இங்கே அக்கா தங்கை யாரும் இல்லை என்று நினைக்கிறேன். தவறென்றால் மன்னியுங்கள்.

முதலில் யாரிடம் போவது என்பது. ‘செக்ஸாலஜிஸ்ட்’ என்ற பெயருக்குத் தென்னாப்பிரிக்காவில் தனிப் பதிவு கிடையாது. அதனால் போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காதீர்கள், அவருடைய அடிப்படைத் தொழில் என்ன என்று பாருங்கள். சைக்காலஜிஸ்ட், டாக்டர், பிசியோதெரபிஸ்ட் மூவரும் மருத்துவத் தொழில்களைப் பதிவு செய்கிற ஹெச்.பி.சி.எஸ்.ஏ. கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். சைக்காலஜிஸ்டின் எண் பி.எஸ். என்று தொடங்கும், டாக்டருடையது எம்.பி., பிசியோவுடையது பி.டி. கவுன்சிலின் இணையதளத்தில் ஐ-ரிஜிஸ்டர் என்ற பக்கத்தில் பெயரைப் போட்டால் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று உடனே தெரியும். சோஷியல் வொர்க்கர்களுக்குத் தனிக் கவுன்சில். பதிவைப் பார்த்த பிறகுதான் பாலியல் சிகிச்சையில் தனிப் பயிற்சி உண்டா என்று கேட்க வேண்டும். பணம் இடித்தால் ஃபாம்ஸா என்ற குடும்ப, திருமண ஆலோசனை அமைப்பில் விசாரியுங்கள். தம்பதியர் ஆலோசனைக்கு வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணம் வைக்கிறார்கள்.

டர்பன் நகரில் வார்விக் சந்திப்புப் பக்கம் விளக்குக் கம்பங்களில் ‘டாக்டர்’, ‘ப்ரொஃபஸர்’ என்று ஒட்டியிருக்கிறதே, பிரிந்த துணையைச் சேர்த்துவைப்பது, ஆண்குறியைப் பெரிதாக்குவது என்று, அந்த நம்பருக்கு உங்கள் கணவர் போன் செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படித்தவர்களும் வெட்கத்தில் அங்கேதான் போய்ப் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

தெரபிஸ்ட் ஆடையைக் கழற்றச் சொல்வாரா என்று பயம் இருக்கலாம். மாட்டார். சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது முழுக்கப் பேச்சு, ஒரு தடவைக்கு ஐம்பது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதல் நாள் இருவரையும் சேர்த்து உட்காரவைப்பார், பிறகு தனித்தனியாகப் பேசுவார். மாதவிலக்கின்போது உள்ளே வைக்கிற டாம்பான் வைக்க முடிகிறதா, சொந்த விரல் நுழைகிறதா, வலி யோனி வாசலில் எரிகிறதா உள்ளே குத்துகிறதா, சின்ன வயதில் யாராவது தவறாக நடந்துகொண்டார்களா என்றெல்லாம் உங்களிடம் கேட்பார். கணவரிடம் காலையில் விறைப்பு இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்பார். உடம்பைப் பரிசோதிப்பது கைனகாலஜிஸ்ட் வேலை. அங்கே நர்ஸ் ஒருவர் கூட இருக்கும்படி கேட்பது உங்கள் உரிமை. நுனியில் பஞ்சு சுற்றிய குச்சியால் வாசலைச் சுற்றிக் கடிகார முள் போல ஒவ்வொரு இடமாக மெல்லத் தொட்டு, எங்கே வலிக்கிறது என்று பார்ப்பார்கள். பஞ்சு பட்டதுமே சுரீர் என்றால் அந்தத் தோலுக்கே தனி வைத்தியம் வேண்டும். அதைப் பார்க்காமல் ‘மனசுதான் காரணம்’ என்று அனுப்பிவிட்டால் வேறு டாக்டரைப் பாருங்கள். டாக்டர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் ‘ரிலாக்ஸா இரும்மா’ என்பது வைத்தியம் இல்லை.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் வெஜினிஸ்மஸ் ஆக இருக்கலாம். இடுப்படித் தசை உங்களைக் கேட்காமலே இறுகிக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்வார்கள். தூசி வந்தால் இமை மூடுகிற மாதிரி. நீங்கள் கணவரை வெறுப்பதாக அர்த்தம் இல்லை, இதை அவர் காதிலும் போடுங்கள். இணையத்தில் பார்த்து கேகல் பயிற்சி செய்துகொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஏற்கெனவே இறுகிக் கிடக்கிற தசையை மேலும் இறுக்குகிற பயிற்சி அது. உங்களுக்கு வேண்டியது தளர்த்தப் பழகுவது.

அதற்கு டைலேட்டர் தருவார்கள், சுண்டுவிரல் பருமனில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாகும் ஒரு செட். சிலிகானில் செய்ததென்றால் சிலிகான் ஜெல் தடவக் கூடாது, தண்ணீர் அடிப்படையிலான ஜெல்தான். மருந்துக்கடைகளில் கிடைக்கும். மல்லாந்து படுத்து முழங்காலுக்குக் கீழே தலையணை. வயிறு உப்பும்படி மூச்சை இழுத்து, மெதுவாக விடும்போது சிறுநீர் கழிப்பதுபோல் லேசாகக் கீழ்நோக்கித் தள்ளினால் வாசல் தளரும். அந்த மூச்சோடு நுனியை வையுங்கள். நேரே மேலே அல்ல, வால் எலும்பின் பக்கமாகச் சாய்த்து. பத்துக்கு மூன்று அளவைத் தாண்டி வலித்தால் முன்னேறாதீர்கள், வெடுக்கென்று உருவவும் வேண்டாம். அங்கேயே நிறுத்தி நாலைந்து மூச்சு. உள்ளே போன பிறகு பத்து நிமிடம் சும்மா இருங்கள். வாரத்துக்கு நாலைந்து நாள். தொடர்ந்து இரண்டு மூன்று தடவை சிரமமில்லாமல் போனால்தான் அடுத்த அளவு. மரத்துப்போகிற ஜெல்லை நீங்களாகத் தடவிக்கொள்ள வேண்டாம், வலி சொல்கிற எச்சரிக்கை தெரியாமல் போய்விடும்.

இது பாதியில் கெட்டுப்போவது எங்கே என்றால், இரண்டாவது அளவு போனதும் ‘இன்றைக்கு முயன்று பார்ப்போமே’ என்று இருவரும் அவசரப்படுவதில். ஒரு தடவை வலித்தால் தசை பழைய பாடத்துக்கே திரும்பிவிடும். அதனால்தான் தெரபிஸ்ட் உடலுறவுக்கே சில வாரம் தடை போடுவார். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் இருவரும் 1970 வாக்கில் வகுத்த முறை இது. முதலில் மார்பும் மறைவிடமும் தவிர்த்து மற்ற இடங்களை மாறி மாறித் தொடுவது, தோல் சூடா மிருதுவா என்பதை மட்டும் கவனிப்பது. பிறகு அந்த இடங்களும். அதன் பிறகு நீங்கள் மேலே இருந்து, வேகம் முழுக்க உங்கள் கையில் இருக்க, அசையாமல் உள்ளே வைத்திருப்பது. அசைவு கடைசி. நடக்குமா நடக்காதா என்ற பரீட்சை பயம் போவதற்குத்தான் அந்தத் தடை. அது கணவருக்கும் உதவும். மாதக்கணக்கில் தோற்றுப்போன ஆணுக்கு விறைப்பு தளர்வது சகஜம். ஆனால் காலையிலும் இல்லையென்றால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் சனத்தில் சர்க்கரை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் சாப்பிடுபவர் விறைப்புக்கான சில்டெனாஃபில் (வயாக்ரா) போட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டாக்டர் எழுதித் தராமல் அது வேண்டாம்.

சாட்ஸ்வொர்த் வீடுகளில் பக்கத்து வீட்டோடு சுவர் ஒன்று, பக்கத்து அறையில் மாமனார் மாமியார். கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் பயிற்சியைத் தொடங்குங்கள். காலடிச் சத்தம் கேட்டாலே தசை இறுகும்.

மெடிக்கல் எய்டில், அதாவது மருத்துவக் காப்பீட்டில், க்ளெய்ம் செய்தால் பில்லில் நோய்க்குறியீடு ஏறும். எஃப் 52 என்று தொடங்கினால் பாலியல் சிக்கல். கணக்கு விவரம் மெயின் மெம்பருக்கு, காப்பீடு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு, போகும். அது உங்கள் இருவரைத் தவிர வேறு யாராவது என்றால் கைக்காசு கொடுத்துவிடுங்கள்.

இதைப் பொதுவில் எழுதலாமா, நம் பண்பாடு என்ன என்று பின்னூட்டம் வரும். வரட்டும். எனக்கு வேறொரு ஆதங்கம். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் மெட்ராசிலிருந்து இங்கே வந்தது 1860இல். இத்தனை தலைமுறைக்குப் பிறகு தேவாரத்தையே ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். தமிழ் வகுப்பில் கண், காது, மூக்கு, கை, கால் என்று சொல்லித்தருவதோடு சரி, இடுப்புக்குக் கீழே முழங்காலுக்கு மேலே பேச்சே இல்லை. நீங்கள் தமிழில் வலிப்பதை அவர் ஆங்கிலத்தில் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் பயிற்சிக்கு முன்பே ‘நிறுத்து’, ‘மெதுவா’, ‘சரி’ மூன்றையும் அவருக்குத் தமிழிலேயே பழக்குங்கள். தெரபிஸ்டிடம் மொழிபெயர்க்க மாமியாரையோ நாத்தனாரையோ கூட்டிப்போகாதீர்கள். தமிழ் தெரிந்த வெளியாள் ஒருவர் போனிலாவது இருக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ஒருவேளை அவர் பலவந்தம் செய்கிறவராக இருந்தால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. மனைவியானாலும் கட்டாயப்படுத்துவது இந்த நாட்டில் 1993 சட்டத்திலிருந்து குற்றம். 0800 428 428 இப்படிப்பட்ட வன்முறைக்கான இலவச உதவி எண், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள்.

இல்லையென்றால் திங்கட்கிழமை போன் செய்யுங்கள். ரிசப்ஷனில் காரணம் சொல்ல வேண்டாம், ‘கப்பிள் அப்பாயின்ட்மென்ட்’ என்றால் போதும். பதிவு எண், கட்டணம், இடுப்படித் தசைக்கான பிசியோவுக்கு யாரிடம் அனுப்புவார்கள், மூன்றையும் கேளுங்கள். இருவரும் சாப்பிடுகிற மாத்திரைப் பெயர்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள், கருத்தடை மாத்திரை உட்பட.