கிடைக்காரர் பதில்கள்

கேள்வி: மாதக்கணக்கில் மாட்டோடு வயல்வெளியிலேயே கிடக்கிறீர்களே, பெண்டாட்டி பிள்ளைகளை எப்போதுதான் பார்ப்பீர்கள்?
- வாசகி, திருமங்கலம்

பதில்: என் வீட்டுக்காரி கேட்கிற கேள்வியும் இதுதான், அம்மா! எங்களுடையது புலிக்குளம் என்கிற நாட்டு மாட்டு இனம். தையில் அறுப்பு முடிந்ததும் மேலூர்ப் பக்கம் ஓட்டிப்போவோம். பகலில் மேய்ச்சல், ராத்திரி வயலில் கிடை, அதாவது மாடுகளை அங்கேயே மடக்கிப் படுக்க வைப்போம். சாணியும் மூத்திரமும் அங்கேயே விழுந்து மண்ணுக்கு உரமாகிவிடும். அதற்கு நிலக்காரர் பணமோ நெல்லோ தருவார். நானும் தம்பியும் முறை வைத்து, பத்து நாளைக்கு ஒருவர் வீட்டுக்குப் போவோம்.

மூத்தவளுக்குக் காது குத்திய அன்று நான் போகவில்லை. விடியக்காலை ஒரு கிடேரி தலைச்சன் ஈற்றுக்கு நின்றது; கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. மருத்துவர் வந்து கன்றை எடுத்து முடிக்கையில் பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டுக்குப் போனால் மகள் தோட்டைக் காட்டாமல் காதைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கன்றுக்கு இப்போது அவள்தான் மணி கட்டிவிட்டிருக்கிறாள்.

கேள்வி: பால் விற்றுத்தானே பிழைப்பு?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: உசிலம்பட்டிக்காரர் கேட்கிற கேள்வியா இது! இந்த மாடு கறப்பதே கொஞ்சம், அதுவும் கன்றுக்குத்தான். உரக்காசு அன்றாடச் செலவுக்கு. காளைக்கன்று விற்றால்தான் கையில் நாலு காசு நிற்கும். நல்ல திமிலோடு நிமிர்ந்து நின்றால் ஜல்லிக்கட்டுக்கு வளர்க்கிறவர்கள் அலங்காநல்லூர், பாலமேட்டிலிருந்து தேடி வருவார்கள். போன கன்றுக்காசு சின்னவனின் பள்ளிக்கூடத்துக்கே சரியாகப் போனது.