சிறுகோளின் நிலவுக்கு அம்மாவின் பெயர்: 28,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருக்கிறேன். மகள் உயர்தரம் கணிதப் பிரிவு, வானியல் என்றால் உயிர். டியூஷன் வகுப்பில் பழக்கமான ஒருவர், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள 'டிங்கினேஷ்' என்ற சின்னச் சிறுகோளின் நிலவுக்கு, இறந்துபோன என் அம்மாவின் பெயரை வைத்துத் தருவதாகச் சொல்கிறார். 28,000 ரூபாய். 5,000 முற்பணம் கொடுத்துவிட்டேன். அவரிடமே தொலைகாட்டி வாங்கினால் சிறுகோளும் நிலவும் தனித்தனியாகத் தெரியுமாம். மீதியைக் கட்டவா ஐயா?

பதில்: கட்டாதீர்கள். தொலைகாட்டியும் வேண்டாம். மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள், பரவாயில்லை.

அந்த ஆள் சொன்னதில் பாதி உண்மை. டிங்கினேஷ் இருக்கிறது, அதற்கு நிலவும் இருக்கிறது. முழுக்கப் பொய் சொல்லியிருந்தால் உங்கள் மகளே போனில் தேடிப் பிடித்திருப்பாள். சிறுகோள் பட்டியின் உள்விளிம்புப் பக்கம் சுற்றுகிற சின்னப் பொருள் அது. குறுக்களவு முக்கால் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உங்கள் தோட்டத்து டிவிஷன் ஒன்று அதைவிட நீளமாக இருக்கும். 2023 நவம்பர் 1ஆம் திகதி நாசாவின் லூசி விண்கலம் அதை ஏறத்தாழ 430 கிலோமீட்டர் தூரத்தில் கடந்தபோதுதான் நிலவு படத்தில் விழுந்தது.

அந்த நிலவுக்கு அந்த மாதமே பெயர் வைத்தாகிவிட்டது. செலாம். எத்தியோப்பியாவில் கிடைத்த, உலகம் லூசி என்று அழைக்கும் மனித மூதாதையின் எலும்புக்கூட்டுக்கு அந்த ஊர் மொழியில் டிங்கினேஷ் என்று பெயர். அதே நாட்டில் கிடைத்த, அதே இனத்துக் குழந்தை ஒன்றின் எலும்புக்கூடுதான் செலாம். ஆக, உங்களுக்கு விற்கிற ஆள் ஏற்கெனவே பெயர் வைத்த பிள்ளைக்கு மறுபடி பெயர் வைக்கக் காசு கேட்கிறார்.

அடுத்தது தொலைகாட்டி. டிங்கினேஷ் நமக்கு மிகக் கிட்ட வரும்போதும் ஏறத்தாழ 14 கோடி கிலோமீட்டர் தள்ளி நிற்கும். நிலவுக்கும் அதற்கும் இடைவெளி 3 கிலோமீட்டர் சொச்சம். கணக்குப் பார்த்தால் இப்படி வருகிறது: டஸ்ட் தேயிலைத் துகள் ஒன்றை எடுத்து கொழும்பில் ஒரு மேசையில் வையுங்கள். அதற்குப் பக்கத்தில், 2 மில்லிமீட்டர்கூட விடாமல், அதைவிடச் சின்னத் தூசி ஒன்றை வையுங்கள். இப்போது அட்டனில் நின்று இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். விண்வெளியில் இருக்கிற ஹபிள் தொலைகாட்டிக்கே அது முடியாது. பெட்டியில் '525 மடங்கு பெரிதாக்கும்' என்று அச்சடித்து விற்கும் விளையாட்டுச் சாமானில் தெரியுமா? 60 மில்லிமீட்டர் வில்லைக்கு இத்தனை மடங்கு கொடுத்தால் தெரிவது கலங்கிய வெளிச்சம் மட்டும்தான். மடங்குக் கணக்கைப் பெரிதாகப் போட்ட பெட்டியைக் கண்டால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.

பிறகு, இரண்டு பொருள் என்று பூமியில் இருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? உங்கள் வீட்டு வாசலில் நின்றே விளக்கலாம். இரவில் எதிர்மலை லயத்தில் ஒரே ஒரு பல்ப் எரிகிறது. ஆள் தெரியவில்லை, கதவு தெரியவில்லை, வெளிச்சப் புள்ளி மட்டும் தெரிகிறது. அது குறித்த நேரத்துக்கு ஒருமுறை லேசாக மங்கி மறுபடி தெளிகிறது என்றால், யாரோ பல்பை மறைத்துக்கொண்டு போய் வருகிறார் என்று சொல்லிவிடலாம். சிறுகோளும் புள்ளிதான். அது தன்னைத்தானே சுற்றும்போது வெளிச்சம் ஒரு தாளத்தில் ஏறி இறங்கும். அந்தத் தாளத்துக்குப் பொருந்தாமல் நடுவில் இன்னொரு மங்கல் திரும்பத் திரும்ப வந்தால், நிலவு முன்னாலோ பின்னாலோ போகிறது. இதற்குப் பல இரவுகள் பொறுமையாக அளக்க வேண்டும். லூசி குழுவுக்கும் முதலில் சந்தேகத்தைக் கிளப்பியது வெளிச்ச மாற்றம்தான். கிட்டப் போய்ப் பார்த்த பிறகும் செலாமை முதலில் ஒரே உருண்டை என்றுதான் நினைத்தார்கள்; அடுத்து வந்த படங்களில்தான் அது ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு உருண்டைகள் என்று தெரிந்தது. சின்னச் சிறுகோள்களில் இப்படி நிலவு வருவது அதிசயமில்லை. வெயில் பட்டுப் பட்டே அவற்றின் சுழற்சி வேகம் பிடித்து, மேலே கிடக்கும் கல்லும் மண்ணும் கழன்று போய் நிலவாகச் சேரும் என்பது இப்போதைய விளக்கம்.

பெயருக்கு வருவோம். சிறுகோளுக்கும் அதன் நிலவுக்கும் பெயரை அங்கீகரிப்பது சர்வதேச வானியல் ஒன்றியம். பெயர் விற்பனைக்கு இல்லை என்று அவர்களே பலமுறை சொல்லிவிட்டார்கள். சுற்றுப்பாதை உறுதியாகி எண் கிடைத்த பிறகு, கண்டுபிடித்தவருக்குப் பெயர் முன்மொழிய 10 ஆண்டு உரிமை உண்டு. பெயர் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், வியாபாரப் பெயர் கூடாது, அரசியல்வாதி என்றால் இறந்து 100 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். (கடைசி விதி நம் நாட்டுக்காகவே எழுதியது மாதிரி இருக்கிறது.) இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கின் பெயரில் 4923 என்ற எண்ணுடன் ஒரு சிறுகோள் உண்டு. அதற்கும் யாரும் கட்டணம் கட்டவில்லை.

ஒரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் புரோக்கர் அடுத்து இதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார். 'பள்ளிப் பிள்ளைகள் பெயரில் சிறுகோள் இருக்கிறதே' என்பார். இருக்கிறது. டிங்கினேஷை 1999இல் கண்டுபிடித்தது அமெரிக்காவின் லினியர் என்ற தேடல் திட்டம். அதை நடத்திய லிங்கன் ஆய்வுகூடம், தான் கண்டுபிடித்த சிறுகோள்கள் பலவற்றுக்கு அறிவியல் போட்டிகளில் வென்ற மாணவர்களின் பெயரையும் அவர்களுடைய ஆசிரியர்களின் பெயரையும் முன்மொழிந்தது. ஆனால் யார் யாருக்குக் கொடுத்தது என்று கவனியுங்கள். கண்டுபிடித்தவர்கள் தாங்களாகவே முன்மொழிந்தார்கள், ஒன்றியம் ஏற்றது. மாணவர் விண்ணப்பம் போடவில்லை, ஒரு சதம் கட்டவில்லை, நடுவில் ஆள் இல்லை. நடுவில் ஆள் வந்து நின்றால் அது இந்த விலக்கு இல்லை, வேறு கதை.

சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. டிங்கினேஷின் எண் 152830. சிறுகோள்களின் அதிகாரபூர்வப் பட்டியலை வைத்திருக்கும் மைனர் பிளானட் சென்டரின் தளத்தில் போட்டுப் பாருங்கள், இலவசம். அவர் தருகிற இணைப்பில் மட்டும் பார்க்காதீர்கள். சொந்தமாக ஒரு பக்கம் செய்து அதில் உங்கள் அம்மாவின் பெயரைப் போட்டுக் காட்ட அரை மணித்தியாலம் போதும்.

இந்த ஆட்கள் மலையகத்தில் பிழைப்பு நடத்துவதற்குக் காரணம் உங்கள் அறியாமை இல்லை. நான் போன ஒரு தோட்டப் பாடசாலையில் நல்ல தொலைகாட்டி ஒன்று அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. ஏன் வெளியே எடுப்பதில்லை என்று கேட்டேன். வில்லை உடைந்தால் இன்வென்ட்ரி புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட ஆசிரியர்தான் காசு கட்ட வேண்டுமாம். உறையில் பூஞ்சணம் பிடித்திருந்தது. இரண்டு தரம் கடிதம் எழுதினேன், 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்று பதில் வந்தது. பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை, இருக்கிற கருவிக்குத் திறப்பு இல்லை. பிள்ளை டியூஷன் வாசலில் நிற்கிறவனிடம் போகாமல் வேறு எங்கே போவாள்?

உண்மையாகவே சிறுகோள் தேட அவளுக்கு ஆசை என்றால், ஐ.ஏ.எஸ்.சி. என்ற சர்வதேசத் திட்டம் இருக்கிறது. ஹவாயில் எடுத்த வானப் படங்களைக் குழுக்களுக்கு அனுப்புவார்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு, நகரும் புள்ளியைப் பிடிக்க வேண்டும். ஒரு கணினியும் டேட்டாவும் ஆங்கிலத்தில் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். பங்கேற்பு இலவசம். இதற்கும் 'பதிவுக் கட்டணம்' வாங்குகிறவர்கள் கிளம்பிவிட்டார்கள், கவனம். புள்ளியைப் பிடித்த உடனே பெயர் வைக்கவும் முடியாது. எண் கிடைக்கவே 6 முதல் 10 ஆண்டு வரை ஆகலாம்.

கடைசியாக அந்த 5,000. ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மகளின் அடையாள அட்டைப் பிரதி ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் திருப்பிக் கேளுங்கள். 'செலாம் என்று ஏற்கெனவே பெயர் வைத்த நிலவை எப்படி விற்கிறீர்கள்?' என்று எழுத்தில் கேளுங்கள், போனில் பேச வேண்டாம். ரசீதில் 'முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். இல்லாத சரக்குக்கு வாங்கிய காசுக்கு அந்த வாசகம் செல்லாது. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் ரசீதோடு பொலிஸ் நிலையத்துக்குப் போய் முறைப்பாடு கொடுங்கள், முறைப்பாட்டு எண்ணைக் கேட்டு வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.