மேடையில் தோழிகள், முக்கில் நான்: போகத்தான் வேண்டுமா?

கேள்வி: அக்கா, நான் மதுரையில் பி.காம். இரண்டாமாண்டு படிக்கிறேன். வீடு திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். வர்ற ஞாயிற்றுக்கிழமை தமுக்கம் மைதானத்தில் இருந்து ஒரு மாரத்தான் நடக்குது. 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர்னு ரெண்டு பிரிவு. என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) சார்பில் நாங்க வாலன்டியரா போறோம். தோழிகளுக்கெல்லாம் மேடை, டி-ஷர்ட் கவுன்ட்டர்னு கிடைச்சிருக்கு. எனக்கு மட்டும் காமராசர் சாலையில் 5 கிலோமீட்டர்காரங்க திரும்புற முக்கு. காலையில் 4.30-க்கு வரச் சொல்றாங்க, அம்மா விடமாட்டேங்கறாங்க. திங்கட்கிழமை டெஸ்ட் வேற. ஓடவும் போறதில்ல, மேடையிலும் இல்ல, ரோட்டுல நின்னு கை காட்ட நான் எதுக்கு? போகாமலே சர்ட்டிபிகேட் வாங்கிக்கலாம்னு சீனியர் அக்கா ஒருத்தங்க சொல்றாங்க. என்ன செய்யலாம்?
— ஒரு மாணவி, திருமங்கலம்

பதில்: தங்கச்சி, போ. ஆனால் சில விஷயங்களைக் கேட்டு உறுதி செய்துகொண்டு போ, அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் அந்த முக்கைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் அங்கே உனக்கு என்ன வேலை என்று யாருமே உட்கார வைத்துச் சொல்லவில்லை என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது.

இரண்டு பிரிவும் ஒரே பாதையில் கிளம்பி உன் முக்கில்தான் பிரிகிறது: 5 கிலோமீட்டர்காரர்கள் அங்கே திரும்ப, 10 கிலோமீட்டர்காரர்கள் நேராகத் தெப்பக்குளம் வரை போகிறார்கள். அங்கே ஒருத்தர் தப்பாகப் போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். 5 கிலோமீட்டருக்குப் பேர் கொடுத்த அறுபது வயது அம்மா, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு தெப்பக்குளம் வரைக்கும் போய்ச் சுற்றிவர வேண்டியதாகிவிடும். 10 கிலோமீட்டருக்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர் பாதியிலேயே திரும்பிவிட்டால் அவருக்கு அன்றைய ஓட்டமே போச்சு. மேடையில் மைக் நின்றுபோனால் ஐந்து நிமிஷத்தில் சரிசெய்துவிடலாம், டி-ஷர்ட் அளவு மாறினால் மாற்றிக் கொடுக்கலாம், முக்கில் தப்பாகப் போனவரை யாரும் திருப்பிக் கூப்பிட முடியாது.

அங்கே எப்படி நிற்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. திருப்பத்துக்குள்ளேயே நிற்காதே, ஓடிவருபவர் உன்னைப் பார்க்கும்போது முக்கைத் தாண்டியிருப்பார். முப்பது நாற்பது அடி முன்னால், வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி நின்று, கையை முழுசாக நீட்டிக் காட்டு. இரண்டு பிரிவுக்கும் நெஞ்சில் குத்துகிற நம்பர் அட்டை வேறு வேறு நிறத்தில் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள். இருந்தால் "சிவப்பு இந்தப் பக்கம், நீலம் நேரா" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இரு, கூட்டமாக வரும்போது யாரும் போர்டைப் படிப்பதில்லை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வருபவர்களுக்கு உன் குரலும் கேட்காது, கைதான் பேசும். வண்டியை நிறுத்துவது போலீஸ்காரர் வேலை, அதை நீ செய்யப் போகாதே. பஸ்ஸுக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்க உனக்கு அதிகாரமும் இல்லை, அவசியமும் இல்லை. வண்டி வந்துவிட்டால் ஓடுகிறவரைத்தான் நீ நிறுத்த வேண்டும், அவருக்கு அரை நிமிஷம் போனால் போகட்டும். ஷேர் ஆட்டோக்காரர், பால்காரர், தள்ளுவண்டிக்காரர் எல்லாருக்கும் அந்த ரோடு அன்றாடப் பிழைப்பு, "அண்ணே, ரெண்டு நிமிஷம்" என்று மரியாதையாகச் சொன்னால் நம்ம ஊரில் நிற்பார்கள். 108 வந்தால் மட்டும் எல்லாரையும் ஓரம் கட்டி முதலில் அதை விடு.

எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள். 6 மணிக்குக் கொடியசைத்தால், வேகமாக ஓடுபவர்கள் 5 கிலோமீட்டரை 20 நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள், அதனால் பத்தே நிமிஷத்தில் முதல் ஆள் உன் முன்னால் இருப்பார். அடுத்த கால் மணி நேரம் கூட்டம் கூட்டமாக வரும், குழப்பமெல்லாம் அப்போதுதான். அதற்குப் பின்னால் நடப்பவர்கள். சாதாரண நடை மணிக்கு 5 கிலோமீட்டர்தான், குழந்தைகளோடு வந்தால் உன் இடத்துக்கு வரவே முக்கால் மணி நேரம் ஆகலாம். அதற்குள்ளேயே 10 கிலோமீட்டர்காரர்கள் தெப்பக்குளத்தைச் சுற்றிவிட்டு உன் பக்கம் திரும்ப ஆரம்பித்துவிடுவார்கள், அவர்களில் கடைசி ஆள் வர 7.30 மணி தாண்டும்.

நான் உன்னிடம் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்றைத்தான்: அந்தக் கடைசி ஆள் தாண்டும் வரை இடத்தை விட்டு நகராதே. முதலில் வருபவருக்கு நீ அவ்வளவாகத் தேவையில்லை, அவருக்குப் பாதை தெரியும், பெரும்பாலும் முன்னால் ஒரு பைக்கும் போகும். கடைசியில் வருபவருக்கு முன்னாலும் ஆள் இருக்காது, பின்னாலும் ஆள் இருக்காது. ரோட்டைத் திறந்துவிட்டிருப்பார்கள், பின்னால் ஹாரன் அடிக்கும், தண்ணீர் மேசையை மடித்துக்கொண்டு போயிருப்பார்கள். அவர் யாராக இருப்பார் தெரியுமா? சர்க்கரை இருக்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொல்லி முதல் தடவையாக வெளியே வந்தவராக இருக்கலாம், பிரசவத்துக்கு அப்புறம் உடம்பு ஏறிப்போய் நாலு பேர் பார்ப்பார்களே என்று கூச்சப்பட்டுக்கொண்டே பேர் கொடுத்த ஒரு அக்காவாக இருக்கலாம். இந்த மாதிரி ஓட்டங்களை ஊருக்குள் நடத்துவதே அவர்களை வெளியே கொண்டுவரத்தான். எல்லாரும் போய்விட்ட ரோட்டில் ஒரு பெண் பிள்ளை நின்று "இப்படி வாங்கக்கா, இன்னும் கொஞ்சம்தான்" என்று சொன்னால் அவர் அடுத்த தடவையும் வருவார். யாருமே இல்லையென்றால் வரமாட்டார். பரிசு மேடையில் யாரும் அவருக்குக் கைதட்டப் போவதில்லை, உன்னால் தட்ட முடியும்.

பக்கத்தில் தண்ணீர் மேசை இருந்தால் ஒரு கண் வைத்துக்கொள். பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், தண்ணீர் பாக்கெட் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. சித்திரைத் திருவிழாவுக்குத் தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல் போடுகிற ஊர் இது, எவர்சில்வர் டம்ளரும் கழுவ ஒரு அண்டாவும் கிடைக்காமலா போகும்?

ஓடுபவர்கள் முகத்தையும் பார். வியர்ப்பது, மூச்சு வாங்குவது சகஜம். தள்ளாடுகிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், உடம்பு கொதிக்கிறது என்றால் அது களைப்பில்லை, உடம்புச் சூடு எல்லை மீறுகிறது. நிழலில் படுக்க வைத்து, கழுத்திலும் அக்குளிலும் தலையிலும் தண்ணீர் ஊற்றி விசிறச் சொல்லிவிட்டு உடனே மருத்துவக் குழுவைக் கூப்பிடு. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. விழுந்தவர் கூப்பிட்டால் அசையவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் 108-க்கு அடித்துவிட்டு நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்க வேண்டும், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது போதாது, கையால் ஒரு தடவை செய்து பார்த்திருக்க வேண்டும். சனிக்கிழமையே அரை மணி நேரம் சொல்லித்தரச் சொல்லி உங்கள் என்.எஸ்.எஸ். பொறுப்பாசிரியரிடம் நச்சரி. அப்புறம், தொலைந்துபோன குழந்தை யாராவது வந்தால் கூட்டத்தில் யாரோடும் அனுப்பாதே. நம்பர் அட்டைக்குப் பின்பக்கம் அவசரத்துக்கான போன் நம்பர் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கூப்பிடு, பெற்றவர் வரும்வரை உன் பக்கத்திலேயே நிற்கட்டும்.

இப்போது உன் அம்மா. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் இருந்து 4.30-க்குத் தமுக்கத்தில் இருக்க வேண்டுமென்றால் நடுராத்திரியே கிளம்ப வேண்டும், அதற்கு எந்த அம்மாவும் தலையாட்டமாட்டார். சனிக்கிழமை ராத்திரி கல்லூரி விடுதியிலோ தோழி வீட்டிலோ தங்க முடியுமா, அங்கிருந்து வண்டி அனுப்புவார்களா என்று கேள். முக்கில் உன்னோடு இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும் என்று சொல், இருட்டில் ஒற்றை ஆளாக நிற்க ஒத்துக்கொள்ளாதே. மூன்று நாலு மணி நேரம் நிற்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் எங்கே கழிப்பறை என்று கேட்க வெட்கப்படாதே, நடத்துகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள், நீ கேட்காவிட்டால் அவர்களுக்குத் தோன்றாது. டிபன் மேடைப் பக்கம் மட்டும் தீர்ந்துவிடாமல் உன் இடத்துக்கு எப்படி வரும் என்றும் கேள். பொறுப்பாசிரியர் நம்பரை அம்மாவிடம் கொடுத்து அவர்களையே பேச வை. ஆளும் தரமாட்டோம், வண்டியும் அனுப்பமாட்டோம் என்று சொன்னால் நீ போகாதே, இன்றைக்கே சொல்லிவிடு, அவர்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ளட்டும்.

சர்ட்டிபிகேட்டுக்காகப் போவதில் ஒரு தப்பும் இல்லை. என்.எஸ்.எஸ்.ஸில் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் காட்ட வேண்டும், அன்றைக்கு நின்ற நேரத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள். நிற்காமலே வாங்குகிற யோசனையை மட்டும் விட்டுவிடு. உன் பேர் பட்டியலில் இருக்கும், முக்கில் ஆள் இருக்காது, அந்த அறுபது வயது அம்மா தெப்பக்குளத்துக்கு நடந்துகொண்டிருப்பார்.

ஓட ஆசையிருந்தால் அடுத்த தடவை 5 கிலோமீட்டருக்குப் பேர் கொடு. டெஸ்டுக்குச் சனிக்கிழமை மதியத்துக்குள் படித்து முடித்துவிடு, ஞாயிற்றுக்கிழமை நின்றுவிட்டு வந்து படித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே, சாப்பிட்டதும் தூக்கம்தான் வரும்.